பதினோராம் மாடியில் வேலி

என் அக்கா ரொறன்ரோவில் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்தேழு. வகுப்புக்குப் போனது அவர். வீட்டுப்பாடம் செய்தது நான். நான் இருப்பது யாழ்ப்பாணத்துப் புத்தூரில்.

அக்கா இருபத்திரண்டு வயதில் இங்கிருந்து போனவர். இடையில் இரண்டு மூன்று நாடுகளில் மாட்டுப்பட்டு, கடைசியில் கனடாவில் அகதியாக இறங்கினார். கல்யாணம், பிள்ளைகள், வேலை எல்லாம் அங்கேதான். அத்தான் எப்போதோ அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டார். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். அக்கா மட்டும் எடுக்கவில்லை. அதற்கு ஆங்கிலம் நாலாம் நிலை வரைக்கும் தெரியும் என்று ஒரு சான்றிதழ் காட்டவேண்டும். அக்காவுக்கு ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் பின்னேர வேலை. பக்கத்தில் நிற்பவர்களும் தமிழர், மேற்பார்வை பார்ப்பவரும் தமிழர். பாணுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. அப்படியே வருடங்கள் போய்விட்டன.

அகதியாகப் போனவர்களுக்கு அங்கே ஒரு பயம் உண்டு. குடியுரிமை கைக்கு வருவதற்கு முன்னர் ஊருக்கு வந்துபோனால், பிறகு கேள்வி வரும் என்ற பயம். அது எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அக்கா நம்பினார், ஆகவே வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டை அவர் போனில் பார்த்தார். அம்மாவின் செத்தவீட்டையும் போனில்தான் பார்த்தார். இரண்டாவது முறை படம் நல்ல தெளிவாக இருந்ததாகச் சொன்னார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

“மூண்டாவதையும் நான் போனிலை பாக்கமாட்டன்,” என்று அக்கா ஒருநாள் சொன்னார். “சிற்றிசன் எடுத்துக்கொண்டு நேரை வாறன்.”

மூன்றாவது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதாகிவிட்டால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்று என் மனைவி எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நான் அதை அக்காவிடம் சொன்னேன். அந்த நாட்களில் எனக்குப் பிரஷர் கூடி முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. அக்கா போனுக்குள் இருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாலு வருடம் பொறுக்க முடியாது என்றார்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் பழைய நம்பிக்கை. ஓ.எல். சோதனையில் எனக்கு ஆங்கிலத்தில் ‘சி’ வந்தது. அது சண்டைக்காலம். எங்கள் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தவர் பாதியில் இடம்பெயர்ந்து போய்விட்டார். அவர் போன பிறகுதான் எனக்கு ஆங்கிலம் பிடித்தது. அவர் இருந்தவரைக்கும் எழும்பி நின்று வாசிக்கச் சொல்லுவார்.

ஓ.எல்லோடு படிப்பு முடிந்தது. சந்தியில் இருக்கும் விவசாய மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிற ஆட்கள் பூச்சிக்கு மருந்து வாங்க வருவார்கள். ஒவ்வொரு போத்தலோடும் மடித்த கடதாசி ஒன்று இருக்கும். அதில் தமிழும் இருக்கிறது. ஆனால் அந்தத் தமிழை விளங்கிக்கொள்வதற்கு முதலில் ஆங்கிலத்தை வாசிக்கவேண்டும். ஆகவே வாசித்தேன். என் ஆங்கிலம் முழுக்க அந்தக் கடதாசிகளில் வளர்ந்த ஆங்கிலம்.

அது வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் போதும். கதைக்கிற ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழும் நான் குறைவாகத்தான் கதைப்பேன். கடையில் அதற்குப் பெரிய தேவையும் இல்லை. ஆள் வந்து நோய் பிடித்த இலையை மேசையில் வைப்பார். நான் போத்தலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைப்பேன்.

அக்காவின் வகுப்பு அங்கே காலையில். வகுப்பு முடிந்து, வேலைக்குப் போய், வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவருக்கு இரவு, எங்களுக்குக் காலை. நான் கடைக்குப் போவதற்கு முன்னர் போன் அடிக்கும். முதலில் பாடப் பக்கங்களின் படங்கள் வரும், பிறகு அக்கா வருவார், கட்டில் விளிம்பில் சாய்ந்தபடி. போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுவேன். மனைவி பக்கத்தில் புட்டு அவிப்பாள். எழுதியதைப் படம் பிடித்து அனுப்ப, அக்கா தன் கையெழுத்தில் பார்த்து எழுதுவார். அக்காவின் கையெழுத்து மிகவும் வடிவானது. அதற்கும் வகுப்பில் நல்ல பேர் கிடைத்தது.

கிரகித்தல் சுலபம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் செய்த முறைதான். கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லைப் பந்தியில் தேடவேண்டும். அது எந்த வசனத்தில் இருக்கிறதோ அந்த வசனத்தைப் பார்த்து எழுதிவிடவேண்டும். பந்தி விளங்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மருந்துக் கடதாசியைப் பாதியில் விடக்கூடாது என்று பழகியதால், நான் பந்தி முழுவதையும் வாசித்தேன். இப்படி நான் கனடாவைப் பற்றி நிறைய அறிந்துகொண்டேன். எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டிக்குள் போடவேண்டும், வீட்டுக்காரர் வாடகை கூட்டுவதென்றால் முன்கூட்டி எப்படி அறிவிக்கவேண்டும், வாசலில் விழுந்த பனியை யார் அள்ளவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாங்கிய சாமானைப் பிடிக்கவில்லை என்றால் ரசீதோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு பந்தியில் இருந்தது. அதை முதலாளியிடம் சொன்னேன். வேறு ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்றார்.

பந்தியில் என்ன இருக்கிறது என்று அக்காவுக்குத் தமிழில் சொல்லப் பார்ப்பேன். வீட்டு வாடகையில் தொடங்கினால் அடுத்த வசனத்தில் நித்திரையாகிவிடுவார். “நீ விடையை மட்டும் சொல்லு,” என்பார் கண்ணை மூடிக்கொண்டே. எழுந்ததில் இருந்து நின்ற கால் அவருக்கு. நான் விடையை மட்டும் சொன்னேன்.

எழுதுகிற பாடம்தான் கொஞ்சம் பாடுபட வைத்தது. முதலாவதாக வந்த தலைப்பு, குளிர்காலத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வீர்கள் என்பது. பனியை நான் கண்டதில்லை. ஆபத்தான ஒரு பொருளை எப்படிக் கையாளுவது என்று எழுதத்தான் எனக்குத் தெரியும். கையுறையும் தடித்த உடுப்பும் அணியவும். காற்று வீசும் திசைக்கு எதிராக நிற்கவேண்டாம். பிள்ளைகளைத் தூர வைக்கவும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவவும். மயக்கம் வந்தால் வைத்தியரிடம் கொண்டுபோகவும். அப்படியே எழுதிக் கொடுத்தேன். மிகத் தெளிவாக இருக்கிறது என்று ரீச்சர் அடியில் எழுதியிருந்தார்.

அக்காவுக்குச் சந்தோஷம். அடுத்த தவணையில் எழுத்தில் அவரை ஒரு நிலை மேலே தூக்கிப் போட்டார்கள். வீட்டுப்பாடம் நீண்டது. அதற்கடுத்த தவணையில் இன்னொரு நிலை. நான் சந்தியில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஓர் அகராதி வாங்கினேன்.

“கெதியிலை உங்களுக்குச் சிற்றிசன் தந்திடுவாங்கள்,” என்றாள் மனைவி.

ஒருநாள் வந்த தலைப்பு, உங்கள் அயலவர் ஒருவரைப் பற்றி எழுதுக. அக்காவிடம் விவரம் கேட்டேன்.

“பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம்?”

“தெரியாது.”

“அங்காலைப் பக்கம்?”

“அங்கையும் கதவு பூட்டித்தான் கிடக்கும். சமைக்கிற மணம் வரும். ஆளைக் காணேல்லை.”

“எத்தினை வருசமாய் அங்கை இருக்கிறியள்?”

“பன்ரெண்டு. நீ ஏதும் போட்டு எழுதன், தம்பி. எனக்குக் கண் சொருகுது.”

மணத்தை வைத்து ஒரு பக்கம் எழுத முடியாது. ஆகவே எங்கள் பக்கத்து வீட்டு மாமியைப் பற்றி எழுதினேன். எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு கிளுவை வேலி. அதில் ஒரு பொட்டு உண்டு, முகம் தெரிகிற அளவு ஓட்டை. மாமி ஒவ்வொரு நாளும் காலையில் முற்றம் கூட்டிக்கொண்டு அந்தப் பொட்டடிக்கு வருவார். முருங்கையிலை தருவார். ஒழுங்கையில் யார் வந்தார், யார் போனார், யார் வீட்டில் சண்டை என்று சொல்லுவார். அவருடைய சேவல் எங்கள் குசினிக்குள் வந்து நிற்கும். அதைத் திட்டுவதற்கென்று திரும்பவும் வேலிக்கு வருவார். முன்வாசலால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எல்லாம் வேலியால்தான்.

கனடாவுக்குப் பொருந்துகிற மாதிரிச் சில மாற்றங்கள் செய்தேன். சேவலைப் பூனையாக்கினேன். முருங்கையிலையைப் பசளிக் கீரையாக்கினேன். முற்றம் கூட்டுவதைப் பனி கூட்டுவதாக மாற்றினேன். வேலியை மாற்றவில்லை. வேலி இல்லாமல் ஒருவர் எப்படி அயலவராக இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பதினோராம் மாடியில் இருப்பது எனக்குத் தெரியும். அதையும் யோசித்துத்தான் பார்த்தேன். அந்த உயரத்தில் வேலி இல்லாமல் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கட்டுரையை ரீச்சர் வகுப்பில் சத்தமாக வாசித்தாராம். எல்லோரும் கைதட்டினார்களாம். அக்கா சொன்னபோது, மனைவி அவித்துக்கொண்டிருந்த புட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வாரம் கடையில் நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருக்கலாம்.

தவணை முடிவில் சோதனை வந்தது. நாலாம் நிலைச் சான்றிதழ் தருவதா இல்லையா என்று அதில்தான் தீர்மானிப்பார்கள். ஒவ்வொருவரும் தாங்கள் எழுதியதில் ஒன்றைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று கதைக்கவேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எதைப் பற்றி என்று ரீச்சர்தான் சொல்லுவார். அக்காவுக்கு அயலவர் வந்தது.

அன்றைக்கு அக்கா கட்டிலில் சாயவில்லை. நேராக நிமிர்ந்து இருந்தார்.

“நான் அந்தக் கட்டுரையை ஒழுங்காய் வாசிக்கக்கூட இல்லை, தம்பி. பாத்து எழுதினதுதானே. உவள் மனிசியைப் பற்றி என்னட்டைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

பாடமாக்கச் சொன்னேன். பாடமாக்கலாம், ஆனால் கேள்விக்கு என்ன செய்வது என்றார். அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கொண்டையை அவிழ்த்துத் தலைமயிரால் காதை மூடிக்கொள்வார். காதுக்குள் போனின் சின்னக் கருவி இருக்கும். யாராவது கேள்வி கேட்டால் இங்கிருந்து நான் விடையைச் சொல்லவேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்லுவார்.

“ஆர் சொல்லுறது?” என்று கேட்டேன்.

“நீதான். வேறை ஆர்?”

மனைவி அடுப்படியில் இருந்து, “அக்கா, நான் இவரைக் கலியாணம் முடிச்சு இருபது வருசமாகுது,” என்றாள். “உவர் தமிழிலை கேள்விக்குப் பதில் சொன்னதை நான் இன்னும் காணேல்லை.”

அக்கா அதைக் கேட்காத மாதிரி இருந்தார். “இது பிழைச்சா அடுத்த சோதினை எப்ப எண்டு தெரியாது,” என்றார். “நான் வரோணும் எண்டு உனக்கு இல்லையோ?”

சரி என்றேன்.

அக்காவின் காலை வகுப்பு எங்களுக்கு மாலை ஏழு மணி. முதலாளியிடம் சொல்லிவிட்டு வெள்ளனவே வீட்டுக்கு வந்து, கட்டுரையை மேசையில் வைத்து, பக்கத்தில் கடதாசியும் பேனையும் வைத்தேன். வரக்கூடிய கேள்விகளுக்கு விடைகள் எழுதினேன். பூனைக்கு என்ன நிறம் என்று கேட்டால் அதற்கும் விடை இருந்தது.

படலை திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு மாமி சீலை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு உள்ளே வந்தார். மனைவி காலையில் வேலியடியில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் மாமியை எப்போதும் பொட்டுக்குள்ளால் முகமாகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு முழு ஆளாகக் கதிரையில் இருந்தார். நான் நினைத்ததைவிட உயரம்.

“என்னைப் பற்றிக் கனடாவிலை கதைக்கினமாம், என்ன கதைக்கினம் எண்டு கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தனான்,” என்றார். “நீர் உம்மடை வேலையைப் பாரும், தம்பி.”

சத்தமாகப் போட்டால் அங்கே இரைச்சல் கேட்கும் என்பதால் நான் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் கதிரைகள் இழுபடும் சத்தம். பிறகு யாரோ இருமினார்கள். பிறகு ரீச்சரின் குரல். அதற்குப் பிறகு அக்கா.

அக்கா ஆங்கிலம் கதைத்து நான் கேட்டது அன்றுதான் முதல்தடவை. பாடமாக்கியதை நிற்காமல் சொல்லிக்கொண்டு போனார். சின்ன வயதில் எங்களுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்த காலத்தில் அவர் சொன்ன வேகம் அது. பனி கூட்டுவது வந்தது. கீரை வந்தது. பூனை வந்து போனது. நான் கடதாசியில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டேன்.

பிறகு ரீச்சர், யாருக்காவது கேள்வி உண்டா என்றார். ஒரு பெண் கேட்டார், எந்த நாட்டவர் என்று தெரியவில்லை, நல்ல அன்பான குரல். நீங்கள் என்னுடைய கட்டடத்தில் பதினோராம் மாடியில்தானே இருக்கிறீர்கள், நான் ஐந்தாம் மாடி, உங்கள் மாடியில் எங்கே வேலி இருக்கிறது?

அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எனக்காகத்தான் நிற்கிறார்.

வாயைத் திறந்தேன். விடை எனக்குத் தெரியும். நாங்கள் முன்னர் வேறு வீட்டில் இருந்தோம், வேலி அந்த வீட்டில் இருந்தது. ஆங்கிலத்தில் சின்ன வசனம், பிழை வராது. ஆனால் குரல் வரவில்லை. மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

“சொல்லுங்கோவன்.”

நான் பேனையை எடுத்து அந்த வசனத்தைக் கடதாசியில் எழுதினேன். எழுதிவிட்டுக் கடதாசியைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். தூக்கிப் பிடித்த பிறகுதான் அது படம் இல்லாத அழைப்பு என்பது எனக்கு நினைவு வந்தது. அப்போதும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“வேலி இல்லை,” என்றார் அக்கா.

இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னார். கட்டுரையில் இல்லாத வசனம்.

“எங்கடை மாடியிலை வேலி இல்லை. இந்த மனிசி என்ரை பக்கத்து வீடு இல்லை. தம்பியின்ரை பக்கத்து வீடு. தம்பி யாழ்ப்பாணம். தம்பி எழுதுறான். எல்லாம் தம்பி எழுதுறான்.”

பிறகு ஒருநாள் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பொய் சொல்லத்தான் யோசித்ததாகச் சொன்னார். பொய் சொல்லுகிற அளவுக்கு ஆங்கிலம் தன்னிடம் அந்த நேரம் இருக்கவில்லையாம்.

வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ரீச்சர் அதை அடக்கிவிட்டு, தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டார். இது நான் விடை சொல்லவேண்டிய கேள்வி இல்லை. அக்கா சொல்லத் தொடங்கினார். தம்பி வெங்காயத்துக்கு மருந்து விற்கிறான். வெங்காயத்துக்கு ஏன் மருந்து என்று யாரோ கேட்க, வெங்காயத்துக்கும் நோய் வரும் என்றார். தம்பி நல்ல பிள்ளை, ஆனால் கதைக்கமாட்டான். இப்போது கூட என் காதுக்குள் இருக்கிறான், கதைக்கிறான் இல்லை. இதற்கு நிறையப் பேர் சிரித்தார்கள்.

“என்ன சொல்லுறா?” என்று மனைவி கேட்டாள்.

“நான் கதைக்கமாட்டனாம்.”

“உதைச் சொல்ல இங்கிலீஸ் படிக்க வேணுமே?”

மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தார். “என்னைப் பற்றி?”

“உங்களைத் தனக்குத் தெரியாதாம்.”

மாமியின் முகம் மாறிவிட்டது. “போன வருசம் வேப்பம்பூ வடகம் குடுத்துவிட்டனான். திண்டவா தானே? அப்ப தெரிஞ்சதோ?”

நான் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினேன். ரீச்சர் கடைசியாக எப்போது தம்பியைப் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். அக்கா சொல் தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு சொன்னார். நான் வெளிக்கிடும்போது அவனுக்கு மீசை இல்லை. இப்போது மீசை வெள்ளை. நடுவில் கறுப்பு மீசை இருந்தது, அதை நான் படத்தில்தான் பார்த்தேன். இந்தச் சான்றிதழ் வந்தால் குடியுரிமைக்குப் போடுவேன். குடியுரிமை வந்தால் போய்ப் பார்ப்பேன். அப்பாவையும் அம்மாவையும் பார்க்கவில்லை. அவன் மட்டும் இருக்கிறான்.

எல்லா வசனமும் சின்ன வசனம். எனக்கு எல்லாம் விளங்கியது. என் கட்டுரைகளில் அப்படி ஒரு பந்தி இல்லை.

“இப்ப என்ன?” என்றாள் மனைவி.

“என்ரை மீசையைப் பற்றி.”

அவள் என் மீசையைப் பார்த்தாள். அங்கே ரீச்சர் அக்காவுக்கு நன்றி சொன்னார். வகுப்பு முடிந்ததும் தன்னை வந்து பார்க்கும்படியும் சொன்னார். அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. மாமி எழும்பி, அக்கா வரும்போது தான் நேரிலேயே கதைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படலையால் போனார்.

அன்றிரவு நான் சாப்பிட்டேன் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. வகுப்பில் இருந்து அக்காவை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். காலையில் போன் அடித்தபோது முகம் கழுவிக்கொண்டிருந்தேன், சவர்க்காரத்தோடு வந்து எடுத்தேன்.

“நாலு,” என்றார் அக்கா. “கதைக்கிறதுக்கு நாலு. கேட்கிறதுக்கும் நாலு. சான்றிதழுக்கு அது காணுமாம்.”

“எழுத்து?”

“ரீச்சர் தனக்கு முன்னாலை இருத்தி எழுதச் சொன்னவா. ரெண்டு வந்தது.” குரலில் வருத்தம் இருக்கவில்லை. “என்ரை சொந்த ரெண்டு.”

எழுத்துக்கு இரண்டு வந்தால் சான்றிதழ் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அக்கா சொன்னார். குடியுரிமைக்கு அவர்கள் பார்ப்பது கதைப்பதையும் கேட்பதையும் மட்டும்தானாம். வாசிப்பதையும் எழுதுவதையும் பார்ப்பதே இல்லையாம்.

நான் சவர்க்காரத்தைத் துடைத்தேன். அகராதி மேசையில் இருந்தது.

“உது உங்களுக்கு ஆரும் முதலிலை சொல்லேல்லையோ?”

“முதல் நாளே ரீச்சர் சொன்னவாவாம்,” என்றார் அக்கா. “இங்கிலீஸிலை சொன்னவா.”

மனைவி புட்டுக் குழலை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கிணற்றடியில் நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது. வேலிக்கு அங்கால் இருந்தும் கேட்டது.

விண்ணப்பம் போட்டார்கள். அக்கா வகுப்பை நிறுத்தவில்லை. பிடித்துவிட்டதாம். ஐந்தாம் மாடிப் பெண்ணோடு சேர்ந்து போய் வருகிறார். இப்போது வீட்டுப்பாடத்தை அவரே செய்கிறார். எனக்கு அனுப்புவதில்லை. நான் கேட்கவும் இல்லை. குடியுரிமைச் சோதனைக்கு ஒரு புத்தகம் படிக்கவேண்டும், கனடாவின் சரித்திரமும் சட்டமும். அதை மூத்த மகளோடு இருந்து படித்தார். அதில் வாடகைச் சட்டம் இருந்தால் என்னிடம் கேட்கும்படி சொல்லியிருந்தேன். அதில் அது இல்லையாம்.

குடியுரிமைச் சத்தியம் செய்கிற நாளில் படம் அனுப்பினார். கையில் சின்னக் கொடி. தலைமயிரைக் கொண்டை போட்டிருந்தார்.

இந்த மாசியில் ஒருநாள் காலை, கடைக்குப் போக வெளிக்கிட்டு நிற்கும்போது அக்கா போன் எடுத்தார். ஆங்கிலத்தில் கதைத்தார். இப்போதெல்லாம் பழகுவதற்காக இடைக்கிடை அப்படிச் செய்வார், நான் தமிழில் பதில் சொல்லுவேன். ரிக்கற் எடுத்தாகிவிட்டது, பங்குனிக் கடைசியில் வந்து இறங்குகிறேன், நீ விமான நிலையத்துக்கு வருவாயா என்று கேட்டார்.

வருவேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன?” என்றார் அக்கா.

திரும்பச் சொன்னேன்.

“விளங்கேல்லை, தம்பி. லைன் சரியில்லையோ?”

“வாறன், அக்கா,” என்றேன்.

“ஓம், அப்பிடிச் சொல்லு,” என்றார். பிறகு கொழும்புக்கு வான் பிடிப்பதா, பஸ்ஸில் போவதா என்று இரண்டு பேரும் தமிழில் கதைத்தோம்.